எச்சரிக்கை மணி எத்தனை ஆம்பியரில் ஒலிக்க வேண்டும்?

(மலாக்கா மாநிலம், ஜாசின் வட்டாரத் தோட்ட மக்களிடையே இரப்பர் ஆலை மின்பணியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



மின்சாரத்தைப் பற்றிச் சில சொற்கள் பேசவேண்டும் என என்னைக் கேட்டுக்கொண்டார்கள். மின்சாரச் சிக்கனத்தைப் பற்றிப் பேசலாம்; அதனைப் பலரும் பேசிவிட்டனர். ஆகவே, நாம் ‘ஸ்டோர்’ என்று வழங்கும் இரப்பர் ஆலையின் சுவிட்ச் போர்டில் பொருத்தப்பட்டிருக்கும் ஒரு சிறு மின்மானியைப் பற்றியும், அதனோடு இணைந்த எச்சரிக்கை மணி எத்தனை ஆம்பியரில் ஒலிக்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்பதனைப் பற்றியும் மட்டும் பேச எண்ணுகிறேன். ‘இது மின்பணியாளர் வேலை, மரம் சீவும் நமக்கு இதில் என்ன இருக்கிறது?’ என்று சிலர் நினைக்கக்கூடும். நீங்கள் விடியற்காலையில் எழுந்து சீவிய மரங்களின் கட்டிப்பால் அந்த ஆலைக்கே வந்து சேருகிறது. அங்கே உருளைகளுக்கு அருகில் நிற்பவர் உங்கள் அண்ணனாகவோ, மகனாகவோ, மருமகனாகவோ இருக்கிறார். எனவே இது நம் எல்லாருடைய காரியமுமாகும்.

இரப்பரும் மின்சாரமும் இந்நாட்டில் ஏறத்தாழ ஒரே காலத்தில் கால் கொண்டவை. 1894ஆம் ஆண்டில் சிலாங்கூரின் ரவாங் ஈயச் சுரங்கத்தில் லோக் இயூ அவர்களும் நம் தமிழர் தம்புசாமிப் பிள்ளை அவர்களும் மின்னாக்கப் பொறியை நிறுவினர். அதன்பின் இரண்டே ஆண்டுகளில், 1896இல், இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் அவர்கள் வாணிக நோக்கில் முதன்முதலாக இரப்பர் பயிரிட்டார். ஆயினும் தோட்டத்து வீடுகளுக்கு மின்விளக்கு வருவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. பல தோட்டங்களில் அந்தி முதல் இரவு சில மணி நேரம் வரை டீசல் எஞ்சின் ஓடும், பிறகு அணைந்துவிடும். பெரியவர்களுக்கு அது நினைவிருக்கும்.

அந்த நாளில் எஞ்சின் கொட்டகையில் இருந்தவருக்கு மின்மானியும் தேவைப்படவில்லை, மணியும் தேவைப்படவில்லை. சுமை கூடினால் எஞ்சின் முனகும், விளக்கு மங்கும், அவர் காதாலேயே அறிந்துகொள்வார். இன்று மின்சாரம் கம்பி வழியே வெளியிலிருந்து வருகிறது. நம் இயந்திரம் எவ்வளவு திணறினாலும் மின்நிலையம் முனகுவதில்லை. அந்த முனகலுக்குப் பதிலாகத்தான் மின்மானியும் மணியும் வைக்கப்பட்டிருக்கின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மின்னோட்டத்தை ஆம்பியர் என்னும் அளவால் அளக்கிறோம். கம்பியில் மின்னோட்டம் இரு மடங்கானால் அதில் தோன்றும் வெப்பமும் இரு மடங்காகும் என்று எண்ணிவிடக் கூடாது. அது நான்கு மடங்காகும். நாம் பெரும்பாலும் பயன்படுத்தும் பி.வி.சி. உறையிட்ட கம்பி 70 பாகை செல்சியஸ் வரை தாங்கும். மோட்டாரின் உள்ளே சுற்றப்பட்டிருக்கும் கம்பியின் காப்புறை, தாங்கவேண்டிய அளவைவிட 10 பாகை கூடுதல் வெப்பத்தில் தொடர்ந்து இருந்தால், அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது மின்பணியாளர்களிடையே வழங்கும் கணக்கு. ஆகவே, ‘கொஞ்சம்தானே கூடியிருக்கிறது’ என்று விடும் நாள்கள்தாம் பின்னொரு நாள் மோட்டாரைக் கரியாக்குகின்றன.

இப்பொழுது என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னர், இங்கன்று, வேறோர் ஆலையில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தேன். கட்டிப்பாலை அரைத்துத் தகடாக்கும் கிரேப் இயந்திரத்திற்குப் புதிய மின்மானி வந்தது. அதனுடன் வந்த கையேட்டில் எடுத்துக்காட்டாக அச்சிட்டிருந்த எண்களை நான் அப்படியே பார்த்து அமைத்துவிட்டேன். என் அறியாமை அது. விளைவு என்ன? இயந்திரத்தை ஓட்டத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் மணி அலறியது. ஒரு நாளைக்குப் பத்து முறை, பதினைந்து முறை. ஒரு வாரம் பொறுத்தார்கள். அடுத்த வாரம் பார்க்கிறேன், மணியின் வாயில் பழந்துணி அடைக்கப்பட்டிருந்தது. நானும் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டேன்.

ஒரு நாள் பிற்பகல் காய்ந்து இறுகிய பெருங்கட்டிகள் வந்தன. உருளைகளுக்கிடையே தொடர்ந்து தள்ளினார்கள். மின்னோட்டம் சிறிது சிறிதாக ஏறியது. மணி ஒலித்திருக்கும், துணிக்குள் ஒலித்தது யார் காதில் விழும்? முடிவில் மோட்டாரைக் காக்கும் ஓவர்லோட் ரிலே துண்டித்துவிட்டது. உருளைகள் நின்றன, கட்டி இடையில் சிக்கிக்கொண்டது. ஒரு தோழர் அதனை இழுத்தெடுக்கக் கையை நீட்டினார். அதே நேரத்தில் சுவிட்ச் போர்டு அருகே நின்ற இன்னொருவர், ‘வழக்கம்போல் நின்றுவிட்டது’ என எண்ணி, ரிலேயை மீண்டும் அமுக்கி, ஓட்டும் பொத்தானையும் அழுத்திவிட்டார். கை நீட்டிய தோழர் இரண்டு விரல்களின் நுனியை இழந்தார். மூன்று நாள் ஆலை நின்றது. வெளியே குவிந்த கட்டிப்பால் நீர் வடிந்து எடை குறைந்தது.

பொத்தானை அழுத்தியவரைத்தான் எல்லாரும் குறை கூறினார்கள். என் மனம் அதை ஒப்பவில்லை. எச்சரிக்கை எல்லையைச் சரியாக அமைத்திருந்தால் மணிக்குத் துணி வந்திராது, மணி காதில் விழுந்திருந்தால் கட்டி தள்ளுவதை நிறுத்தியிருப்பார்கள், ரிலே துண்டித்திராது, கை நீளவேண்டிய தேவையே எழுந்திராது. பொய்யாக அலறும் மணி, இல்லாத மணியைவிடத் தீங்கானது என்பதனை அன்று கற்றுக்கொண்டேன்.

அப்படியானால் எல்லையை எங்ஙனம் அமைப்பது? நம் ஆலையின் கிரேப் மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். அது 30 கிலோவாட் மோட்டார். அதன் பெயர்த்தகட்டில் முழுச்சுமை மின்னோட்டம் 55 ஆம்பியர் என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. தோழர்களே, அந்த எண்ணை எடுத்து மின்மானியில் இட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாகாது.

முதற்பணி, மின்மானி மெய் சொல்லுகிறதா என்று பார்ப்பது. அத்தனை மின்னோட்டமும் மின்மானியின் வயிற்றுக்குள் போவதில்லை. கம்பியைச் சுற்றி வளையம்போல் ஒரு மின்னோட்ட மாற்றி இருக்கிறது, சி.டி. என்று சொல்லுவோம். 100 ஆம்பியர் கம்பியில் ஓடினால் 5 ஆம்பியரை அது மின்மானிக்கு அனுப்பும். இந்த விகிதத்தை மின்மானிக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும். வளையம் 100க்கு 5 ஆக இருக்க, மின்மானியில் 200க்கு 5 என்று இட்டுவிட்டால், உண்மையில் 45 ஆம்பியர் ஓடும்போது 90 என்று காட்டும். மணி ஓயாமல் ஒலிக்கும். மாறாக, வளையம் 200க்கு 5 ஆக இருக்க 100க்கு 5 என்று இட்டுவிட்டால் பாதிதான் காட்டும். மணி ஒலிக்கவேண்டிய நேரத்திலும் ஒலிக்காது. முன்னது எரிச்சல், பின்னது பேரிடர். ஏனெனில், எரிச்சல் தருவதை எவரேனும் வந்து முறையிடுவார்கள். அமைதியாக இருப்பதைப் பற்றி எவரும் முறையிடுவதில்லை. எனவே, கம்பியைக் கவ்விப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரால் மூன்று கட்டக் கம்பிகளையும் அளந்து, மின்மானி காட்டுவதோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே மேற்கொண்டு செல்ல வேண்டும். இன்னொன்று: மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கையில் அந்த வளையத்திலிருந்து மின்மானிக்கு வரும் கம்பியைக் கழற்றினால், கழற்றிய முனையில் ஆளைக் கொல்லும் அளவு மின்னழுத்தம் தோன்றும். வயர்மேன், சார்ஜ்மேன் எனப் பதிவு பெற்ற தகுதியாளர் அல்லாதார் அதனைத் தொடவே கூடாது.

அடுத்தது, இயந்திரம் நாள் முழுவதும் என்ன வாங்குகிறது என்று எழுதிவைப்பது. இதற்குப் படித்த பொறியாளர் வேண்டியதில்லை. ஒரு கடிகாரமும் நோட்டுப் புத்தகமும் போதும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணைக் குறிக்க வேண்டும். அந்நேரத்தில் வந்த கட்டி ஈரமா, காய்ந்ததா, பெரிதா, சிறிதா என்பதனையும் எழுத வேண்டும். உருளையருகே நிற்பவருக்கு அது கைப்பழக்கமாகத் தெரியும், மின்மானிக்குத் தெரியாது. நம் ஆலையில் எடுத்த குறிப்பின்படி, வழக்கமான வேலையில் மோட்டார் 40 முதல் 46 ஆம்பியர் வரை வாங்குகிறது. காய்ந்த பெருங்கட்டிகளைத் தொடர்ந்து தள்ளும்போது 60ஐத் தாண்டுகிறது. ஆகவே நான் எச்சரிக்கை எல்லையை 52 ஆம்பியரில் வைத்தேன். வழக்கமான உச்சத்துக்கு மேலே சற்று இடைவெளி. பெயர்த்தகட்டு எண்ணுக்குக் கீழே சற்று இடைவெளி. 55இல் அமைந்திருக்கும் ரிலே சூடேறித் துண்டிப்பதற்கு முன்னரே நமக்குக் குரல் கேட்கும்.

எண்ணோடு காலமும் சேர்ந்தால்தான் எல்லை முழுமையாகும். மோட்டாரை நேரடியாக ஓட்டத் தொடங்கினால் முதற்சில நொடிகள் முழுச்சுமையைப்போல் ஆறேழு மடங்கு மின்னோட்டத்தை அது இழுக்கும். அது நோயன்று, இயற்கை. ஸ்டார்-டெல்டா முறையில் தொடங்கினால் அதில் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அப்பொழுதும் 100 ஆம்பியரைத் தாண்டும். நான் அன்று செய்த பிழை இதுதான்: தாமத நேரத்தைச் சுழியாக விட்டிருந்தேன். நம் மோட்டார் நிலையான வேகத்துக்கு வர எட்டு நொடி ஆகிறது. ஆதலால் தாமதம் 15 நொடி. 52க்கு மேல் 15 நொடி தொடர்ந்து நின்றால்தான் மணி ஒலிக்கும். அதுபோல், ஒலிக்கத் தொடங்கிய மணி எப்போது ஓயவேண்டும் என்பதற்கும் ஓர் எண் உண்டு. அதையும் 52 என்றே வைத்தால், எல்லையில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் மணி விட்டு விட்டு அடித்துக்கொண்டிருக்கும். ஆகவே 48க்கு இறங்கினால்தான் அது ஓயும்படி அமைத்திருக்கிறேன்.

‘கட்டி சிக்கி உருளை ஒரேயடியாக நின்றுவிட்டால் 15 நொடி காத்திருப்பது தகுமா?’ என்று கேட்கலாம். தகாது. ஆனால் அது மணியின் வேலையன்று. ரிலேயின் வேலை, அவசர நிறுத்தத்தின் வேலை. மணி மெல்ல மெல்ல ஏறும் சுமையைச் சொல்வதற்கு உரியது. ஒருவன் வேலையை இன்னொருவன் தலையில் சுமத்தினால் இரண்டும் கெடும். ரிலே அடிக்கடி துண்டிக்கிறது என்று அதன் திருகாணியைப் பெயர்த்தகட்டு எண்ணுக்கு மேலே திருப்பிவிடும் வழக்கம் சில ஆலைகளில் உண்டு. அது காவற்காரனுக்கு உறக்க மருந்து கொடுப்பதாகும்.

மூன்று கட்டங்களும் ஒத்து ஓடுகின்றனவா என்பதும் கவனிக்கத்தக்கது. சிவப்பில் 42, மஞ்சளில் 42, நீலத்தில் 51 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். எதுவும் 52ஐத் தாண்டவில்லை. உயர் எல்லை மணி வாய் திறக்காது. ஆனால் சராசரி 45. நீலம் அதனினின்று 6 ஆம்பியர், அதாவது 13 விழுக்காட்டுக்கு மேல் விலகி நிற்கிறது. எங்கோ ஒரு முனை தளர்ந்திருக்கலாம், அல்லது வரும் மின்னழுத்தமே ஏற்றத்தாழ்வாக இருக்கலாம். மின்னழுத்தத்தில் 1 விழுக்காடு ஏற்றத்தாழ்வு மோட்டாரின் மின்னோட்டத்தில் 6 முதல் 10 விழுக்காடு ஏற்றத்தாழ்வை உண்டாக்கும். ஒரு கட்டம் முற்றிலும் அறுந்து போனாலோ, ஓடும் மோட்டார் மற்ற இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு இழுத்து விரைவில் எரியும். எனவே, சராசரியிலிருந்து 10 விழுக்காடு விலகினால் ஒலிக்கும் இன்னோர் எல்லையும் அமைத்திருக்கிறோம்.

எல்லை என்றால் மேல் எல்லை மட்டுமே என்று எண்ண வேண்டாம். நம் குடியிருப்புக்கு நீர் ஏற்றும் பம்பை நினைத்துப் பாருங்கள். கிணற்றில் நீர் வற்றிப் பம்பு வெறுமனே சுழன்றால் மின்னோட்டம் கூடாது, குறையும். மேல் எல்லை மணி ஒருக்காலும் ஒலிக்காது. பம்பின் அடைப்பான் வெப்பத்தில் கருகும். மறுநாள் காலையில் வீடுகளில் நீர் இராது. இதற்குக் கீழ் எல்லை தேவை. கிரேப் இயந்திரத்திலும் வார்ப்பட்டை அறுந்தால் இதுவே நிகழும்: மோட்டார் சுமையின்றி முழுச்சுமையில் மூன்றில் ஒரு பங்கு அளவே வாங்கும்.

சரி, மணி ஒலித்துவிட்டது. உருளையருகே நிற்பவர் என்ன செய்ய வேண்டும்? கட்டி தள்ளுவதை உடனே நிறுத்த வேண்டும். உள்ளே இருப்பது வெளியேறட்டும். ஒரு நிமிடத்தில் மணி ஓய்ந்துவிட்டால் சிறு துண்டுகளாக மீண்டும் தொடங்கலாம். ஓயாவிட்டால் இயந்திரத்தை நிறுத்தி, தனிச் சுவிட்சையும் அணைத்து, அதில் பூட்டுப் போட்டு, சாவியைச் சிக்கலை எடுக்கப் போகிறவர் தம் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் முன்னே கூறிய தோழரிடம் அன்று அந்தச் சாவி இருந்திருந்தால், எவர் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் உருளை அசைந்திராது. 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1ஆம் நாள் நீக்கப்பட்டுவிட்டது. இன்று தொழிலிடப் பாதுகாப்புக்கு 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமே பொறுப்பு. பெயர் மாறினாலும் ஓடும் உருளையின் குணம் மாறவில்லை.

வீட்டைப் பற்றியும் இரண்டொரு சொல். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், முதலாளி தரும் குடியிருப்பில் போதிய மின்சார வசதி இருக்கவேண்டும் என்று விதித்தது. அந்த மின்சாரத்தில் உங்கள் உயிரைக் காக்கும் எல்லை ஆம்பியரில் இல்லை. ஆம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லி ஆம்பியரில் இருக்கிறது. நாம் இ.எல்.சி.பி. என்று சொல்லும் கசிவுத் துண்டிப்பானுக்கு 1994ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குமுறைகள் எல்லை வகுத்திருக்கின்றன: கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியர், தரை நனைந்திருக்கக்கூடிய இடங்களில் 10. அந்தப் பெட்டியில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். துண்டிக்காவிட்டால் அன்றே கிராணியிடமோ மின்பணியாளரிடமோ சொல்லுங்கள். அடிக்கடி துண்டிக்கிறது என்பதற்காக அதனைச் சுற்றி நேர்க்கம்பி இழுக்கும் துணிவு எவருக்கும் வரவேண்டாம்.

தோட்டத்தை விட்டு ஜாசினிலும் அலோர் காஜாவிலும் சொந்த வீட்டில் குடியேறியவர்களின் வாசலில் இன்று புதுவகை மின்மானி இருக்கிறது. தெனாகா நேசனல் நிறுவனம் இத்தகைய மின்மானிகளைப் பெருமளவில் பொருத்தத் தொடங்கியபோது முதலில் தெரிந்தெடுத்த மாநிலம் நம் மலாக்காவே. கைப்பேசிச் செயலியில் மாதத்துக்கு இத்தனை ரிங்கிட் என்று நீங்களே ஓர் எல்லையை இட்டுக்கொள்ளலாம். அதனை நெருங்கினால் அறிவிப்பு வரும். எத்தனை ரிங்கிட் வைப்பது என்று பக்கத்து வீட்டாரைக் கேட்காதீர்கள். உங்கள் வீட்டின் சென்ற சில மாதக் கட்டணச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். வழக்கமான உச்சத்துக்குச் சற்று மேலே வையுங்கள். நான் ஆலையில் செய்த அதே கணக்குத்தான். மிகக் குறைவாக வைத்தால் மாத நடுவிலேயே அறிவிப்பு வந்து, இரண்டாம் மாதம் எவரும் அதைப் படிக்கமாட்டார்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் கிரேப் இயந்திரத்தின் உருளைகளைக் கடைந்து புதிதாகப் பள்ளம் வெட்டி, சென்ற வாரம்தான் மீண்டும் பொருத்தினோம். பள்ளம் கூர்மையானதால் கட்டியை வேகமாகக் கவ்வுகிறது. மின்னோட்டமும் முன்போல் இல்லை. ஆகவே 52, 48, 15 என்ற நம் பழைய எண்கள் இனிச் செல்லா. புதிய எண்களைக் கண்டறிய இரண்டு நாள் குறிப்பெடுக்க வேண்டும். உருளையருகே பல்லாண்டு நின்ற பழக்கமுடையவர்கள் இருவர் என்னுடன் அமர வேண்டும். நோட்டுப் புத்தகமும் கடிகாரமும் நான் கொண்டுவருகிறேன். விருப்பமுடையோர் திங்கட்கிழமைப் பெரட்டின்போது தங்கள் பெயரைக் கொடுக்கலாம். கண்டறிந்த எண்களைத் தமிழில் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி இயந்திரத்தின் பக்கத்திலேயே மாட்டிவிடுவோம்.